கடைசிக் குழாயில் மருந்து வருதா? தண்ணீர்க் கணக்கையும் நாமே பார்ப்போம்



சேத்துப்பட்டு பக்கத்தில் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம், ஏன்னா இது எந்த ஊரிலும் நடக்கக் கூடியதுதான். ஒரு மழைக்காலத்தில் அங்கே குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். 16 பேர் இருக்க வேண்டிய குழுவில் 9 பேர்தான் வந்திருந்தாங்க. கேட்டால், "கடைசித் தெருவுல எல்லார் வீட்டுலயும் வாந்தி பேதி மேடம். ரெண்டு பிள்ளைங்கள ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க" என்றார் ஊக்குநர்.

அந்தத் தெருவில் பட்டுத்தறி நெய்கிற ஒரு அக்கா இருக்காங்க. அவங்க வீட்டுக்குப் போனேன். தறியில் பாதிச் சேலையோடு பாவு அப்படியே நின்றது. பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் 4 நாள், பிறகு அவங்களுக்கே முடியாமல் 3 நாள். ஆக ஒரு வாரக் கூலி போச்சு. ஆட்டோ செலவு, மருந்துச் செலவு தனி. அந்த மாதச் சேமிப்பும் கட்ட முடியவில்லை, கடன் தவணையும் கட்ட முடியவில்லை. பிள்ளை பிழைத்தது, அதுவே பெரிய விஷயம்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்தார். சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டார். தண்ணீர் மஞ்சளாக மாறியது. "இங்க மருந்து இருக்கு" என்றார். அடுத்து கடைசித் தெருக் குழாய். அதே சொட்டு மருந்துதான் விட்டார். நிறம் மாறவே இல்லை, பச்சைத் தண்ணீராகவே இருந்தது.

தொட்டியில் போட்ட பிளீச்சிங் பவுடர் கடைசித் தெருவுக்கு வந்து சேரவே இல்லை. அதுவரைக்கும் சமூகப் பணி படித்த எனக்கும் இதைப் பார்க்கணும் என்று தோன்றியதில்லை. குழுவில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பார்த்த நாம் தண்ணீரைப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

நாம் தண்ணீரை எப்படிப் பார்க்கிறோம்? கண்ணால் பார்க்கிறோம், கொஞ்சம் குடித்து ருசி பார்க்கிறோம். கலங்கல் இல்லை, உப்பு இல்லை என்றால் "நல்ல தண்ணி" என்கிறோம். ஆனால் பேதி, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை உண்டாக்கும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. மனிதக் கழிவு துளி கலந்தாலும் கண்ணாடி போலத்தான் இருக்கும்.

1854-ல் லண்டன் நகரத்தில் பிராட் ஸ்ட்ரீட் என்ற தெருவைச் சுற்றிக் காலரா வந்தது. 600 பேருக்கு மேல் இறந்து போனார்கள். அந்தத் தெருவில் இருந்த அடிபம்பு தண்ணீர் நல்ல ருசி என்று பெயர் வாங்கியது. அந்த ருசிக்காகவே வெகு தூரத்திலிருந்து தண்ணீரை வரவழைத்துக் குடித்த ஒரு அம்மாவும் காலராவில் இறந்தார். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய், யார் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று விசாரித்துக் கணக்கு எடுத்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பம்பில் தண்ணீர் பிடித்தவர்கள். அவர் சொன்னதைக் கேட்டு செப்டம்பர் 8-ம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பிறகு பார்த்தபோது, பக்கத்துக் கழிவுக்குழியிலிருந்து அந்தக் கிணற்றுக்குள் கசிவு இருந்தது தெரிந்தது.

வீடு வீடாகப் போய் விசாரிப்பது நமக்குப் புதுசு இல்லை. குழு ஆரம்பிக்கும்போது நாம் செய்த வேலைதான் அது.

பிளீச்சிங் பவுடர் என்ன செய்கிறது?

பிளீச்சிங் பவுடரில் இருப்பது குளோரின். நல்ல பவுடர் என்றால் 100 கிராமில் 33 கிராம் அளவுக்குக் குளோரின் இருக்கும். அதுதான் கிருமியைக் கொல்கிறது. நம் ஊராட்சிகளில் வழக்கமாக 1,000 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் பவுடர் என்று கணக்கு வைத்துப் போடுகிறார்கள். அதன்படி:

10,000 லிட்டர் தொட்டிக்கு 40 கிராம்.
30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம்.
60,000 லிட்டர் தொட்டிக்கு 240 கிராம்.

பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழ் மாதிரி கரைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்க விட வேண்டும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் தெருவுக்குத் திறந்து விட வேண்டும். அப்போதுதான் கிருமி சாகும். "கரண்டு போயிடும், சீக்கிரம் விடு" என்று ஆபரேட்டரை நாம் அவசரப்படுத்தினால் நஷ்டம் நமக்குத்தான்.

பவுடர் மூட்டையைத் திறந்து போட்டு வைத்தால், ஈரம் பட்டால், வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். கட்டி தட்டி, நெடி இல்லாமல் இருக்கும் பவுடரை எத்தனை கிராம் போட்டாலும் பலன் இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தொட்டியில் போட்ட குளோரின் முழுசும் குழாய்க்கு வராது. தண்ணீரில் உள்ள அழுக்கு, பாசி, கிருமி எல்லாம் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பதுதான் குழாய் வழியாக நம் குடத்துக்கு வரும். நம் வீட்டுக் கணக்கு மாதிரியே யோசியுங்கள். சம்பாதித்தது வரவு. மளிகை, பள்ளிக்கூடச் செலவு, கடன் தவணை எல்லாம் போன பிறகு கையில் நிற்பது சேமிப்பு. அவசரத்துக்குக் கை கொடுப்பது அந்தச் சேமிப்புதான். தண்ணீரிலும் அப்படித்தான். மிச்சம் நிற்கும் குளோரினைத்தான் 'எஞ்சிய குளோரின்' என்கிறார்கள். வழியில் ஏதாவது கிருமி நுழைந்தால் அதைக் கொல்வது இந்த மிச்சம்தான். அது லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். தொட்டிக்குக் கீழே இருந்தால் போதாது, கடைசி வீட்டுக் குழாயிலும் இருக்க வேண்டும்.

"பவுடர் வாடை அடிக்குது, டீ நல்லாவே இல்ல" என்று நாம் ஆபரேட்டரிடம் சண்டை போடுகிறோம். நான் சொன்ன ஊரிலும் தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்காரங்க அப்படித்தான் சொல்லிச் சொல்லி, அவர் பவுடரைப் பாதியாகக் குறைத்து விட்டார். பக்கத்துத் தெருவில் டீ நன்றாக இருந்தது. கடைசித் தெருவில் பிள்ளைகள் படுத்தார்கள். லேசான வாடை இருந்தால் அது காவல் இருக்கிறது என்று அர்த்தம். வாடை பிடிக்கவில்லை என்றால் குடிக்கிற தண்ணீரை மட்டும் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் குறைந்துவிடும். பவுடரைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

கடைசித் தெருவுக்கு மட்டும் ஏன் இந்த நிலை?

தூரம் கூடக்கூட மிச்சக் குளோரின் குறைந்துகொண்டே போகும். அது ஒரு காரணம். மற்ற காரணங்கள் நம் கண் முன்னாலேயே இருக்கின்றன.

ஒன்று, உடைந்த பைப். தண்ணீர் வரும்போது உடைப்பு வழியாக வெளியே பீச்சும். தண்ணீர் நின்றதும் பைப் காலியாகி, அதே உடைப்பு வழியாக வெளியில் தேங்கியதை உள்ளே இழுக்கும். சாக்கடைக்குள் ஓடும் பைப்பாக இருந்தால் உள்ளே போவது சாக்கடைத் தண்ணீர்தான். 24 மணி நேரமும் தண்ணீர் வந்தால் இந்தப் பிரச்சினை குறைவு. நமக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி, அரை மணி வருவதால்தான் இது அதிகம்.

இரண்டு, குழிக் குழாய். வேகம் இல்லை என்று பள்ளம் தோண்டி, குழாயை இறக்கி, குடத்தைக் குழிக்குள் வைத்துப் பிடிக்கிறோம். மழை பெய்தால் குழி நிறையும். கழுவின தண்ணீரும் அதில்தான் தேங்கும். குழாயின் வாய் அதில் முழுகும். தண்ணீர் நின்றதும் குழித் தண்ணீர் பைப்புக்குள் போகும்.

மூன்று, வீட்டுக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது. ஒரு வீட்டில் உறிஞ்சினால் அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் போகாது என்பது மட்டும் இல்லை. மோட்டார் இழுக்கிற இழுப்பில் உடைப்பு வழியாக அழுக்கும் சேர்ந்து வரும்.

நான்கு, கழுவாத தொட்டி. மேல்நிலைத் தொட்டியை மாதம் 2 தடவை கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியில் எழுதி வைக்க வேண்டும் என்பது ஊராட்சிகளுக்குள்ள ஏற்பாடு. உங்கள் ஊர்த் தொட்டியில் என்ன தேதி எழுதியிருக்கிறது? இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

ஐந்து, மூடியும் பூட்டும் இல்லாத தொட்டி. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் மேலே ஏறிப் பார்த்தார்கள். அந்தக் கொடுமை எங்கும் நடக்கக் கூடாது. தொட்டிக்கு மூடியும், ஏணிக்குப் பூட்டும் இருக்கிறதா என்று பார்ப்பது நம் ஒவ்வொருவர் வேலை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஊர்களில் கடைசித் தெரு என்பது காலனித் தெருவாகவோ, புறம்போக்கில் குடியிருப்பவர்கள் தெருவாகவோ இருக்கிறது. அங்கே வரும் புகாருக்கு வேகம் குறைவு. கூட்டமைப்பில் எல்லாத் தெருப் பெண்களும் இருக்கிறோம். கடைசித் தெருக் குழாய்க்காக முதல் தெருக் குழுவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

எழுதின கணக்கும் எண்ணாத பணமும்

நம் குழுவில் கணக்குப் புத்தகத்தில் எழுதினால் மட்டும் போதுமா? பெட்டியைத் திறந்து எல்லோர் முன்னாலும் பணத்தை எண்ணுகிறோம். எழுதினதும் எண்ணினதும் சரியாக இருந்தால்தான் கையெழுத்து. தண்ணீரில் இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய பாடம் கனடா நாட்டில் இருக்கிறது.

அங்கே வாக்கர்ட்டன் என்று ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை 5,000 கூட இல்லை. நம் சேத்துப்பட்டை விடச் சின்னது. 2000-ம் ஆண்டு மே மாதம் அங்கே பலத்த மழை. பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணத்திலிருந்த கிருமி மழைத் தண்ணீரோடு இறங்கி, ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஒரு கிணற்றில் கலந்தது. மிச்சக் குளோரினைத் தினமும் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. பதிவேட்டில் நாள் தவறாமல் எழுதியும் இருந்தார்கள். பெரும்பாலும் 0.5 அல்லது 0.75 என்று இருந்தது. ஆனால் பெரும்பாலான நாட்களில் யாரும் அளக்கவில்லை! அளக்காமலே எழுதினார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து "தண்ணீரில் கிருமி இருக்கிறது" என்று முடிவு வந்த பிறகும் அதை உடனே சுகாதாரத் துறைக்குச் சொல்லவில்லை. 7 பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். பிறகு நீதிபதி ஓ'கானர் தலைமையில் விசாரணை நடந்து, 2002-ல் அங்கே குடிநீர்ப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது.

பணக்கார நாடு, நல்ல இயந்திரம், படித்தவர்கள் எல்லாம் இருந்தும் இது நடந்தது. எண்ணிப் பார்க்க ஆள் இல்லாததுதான் காரணம். நம் ஊரிலும் "பவுடர் போட்டாச்சு" என்று பதிவேட்டில் எழுதியிருக்கலாம். போட்டது கடைசிக் குழாய்க்கு வந்ததா என்பதுதான் கேள்வி.

இதைச் சொல்வது ஆபரேட்டரைக் குற்றவாளி ஆக்குவதற்கு அல்ல. குறைந்த சம்பளத்தில் காலை 5 மணிக்கு எழுந்து வால்வு திறக்கும் மனிதர் அவர். பவுடர் வாங்கிக் கொடுத்தால்தான் அவரால் போட முடியும். எடை போடத் தராசு கொடுத்தால்தான் 120 கிராம் எது என்று தெரியும். அவரோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

என்ன அளவு இருக்க வேண்டும்?

குடிநீருக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. ஐ.எஸ். 10500 என்பது அதன் எண். 2012-ல் திருத்தியது. அதிலிருந்து நமக்கு முக்கியமானவை:

கிருமி (ஈ.கோலி): 100 மில்லி தண்ணீரில் ஒன்று கூட இருக்கக் கூடாது.
எஞ்சிய குளோரின்: லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம்.
புளோரைடு: 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை.
நைட்ரேட்: 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது.
கரைந்துள்ள உப்புகள்: 500. வேறு தண்ணீர் இல்லை என்றால் 2,000 வரை.
கடினத்தன்மை: 200. வேறு வழி இல்லை என்றால் 600 வரை.

இதில் கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் 'வேறு வழி இல்லை என்றால்' என்ற சலுகையே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்து வீட்டுக்கு வீடு குழாய், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், அதுவும் தரமான தண்ணீர் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு நீராதாரத்திலும் வருடத்துக்கு ஒரு முறை ரசாயனச் சோதனை, இரண்டு முறை கிருமிச் சோதனை செய்ய வேண்டும். இவை தவிர ஒவ்வொரு கிராமத்திலும 5 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கள நீர்ப் பரிசோதனைப் பெட்டி கொண்டு அவர்களே தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. 5 பெண்கள்! அந்தப் பெண்கள் நம் குழுக்களில்தான் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்த 5 பேர் யார்? அந்தப் பெட்டி எங்கே? அலுவலக பீரோவில் உறை பிரிக்காமல் இருந்தால் மருந்து காலாவதி ஆகிவிடும்.

பெட்டியில் மருந்து விட்டதும் குளோரின் இருந்தால் நிறம் வரும். சில பெட்டியில் மஞ்சள், சில பெட்டியில் இளஞ்சிவப்பு. கூடவே இருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்க வேண்டும். சோதித்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுக் கையைக் கழுவுங்கள். அதைக் குடிக்கவோ சமையலுக்கோ எடுக்கக் கூடாது.

கிருமி பார்க்க ஒரு சின்னக் குப்பி உண்டு. இதைக் கண்டுபிடித்தது நம் நாட்டு விஞ்ஞானிகள். குவாலியரில் உள்ள ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் செய்து 1982-ல் வெளியிட்டார்கள். குறிப்பிட்ட கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைக்க வேண்டும். கறுப்பாக மாறினால் கழிவு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. உடனே தகவல் சொல்லி, ஆய்வுக்கூடத்தில் முழுச் சோதனை கேட்க வேண்டும்.

பவுடருக்கும் கொதிக்க வைப்பதற்கும் அடங்காதவை

குளோரின் கிருமியைத்தான் கொல்லும். புளோரைடு, நைட்ரேட், உப்பு இவற்றை ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தாலும் இவை போகாது. தண்ணீர் சுண்டுவதால் அளவு கூடத்தான் செய்யும்.

தமிழ்நாட்டில் மகளிர் குழு முதலில் எங்கே தொடங்கியது என்று பயிற்சியில் கேட்டால் நாம் எல்லோரும் தர்மபுரி என்று சொல்வோம். 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. அதே தர்மபுரியில்தான் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டு வலி, முதுகு வளையாமல் போவது என்று பல தலைமுறை கஷ்டப்பட்டார்கள். பரம்பரை வியாதி என்றுகூட நினைத்தார்கள். பவுடர் போட்டுத் தீராது என்பதால்தான் தண்ணீரையே மாற்ற வேண்டி வந்தது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கி, காவிரித் தண்ணீரை தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டு வந்தார்கள். சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டம்.

நைட்ரேட் என்பது உர மூட்டையிலிருந்தும், கழிப்பறைக் குழியிலிருந்தும் நிலத்தடி நீருக்கு இறங்குவது. பால் பவுடர் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு இது ஆபத்து. ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உடம்பு நீலம் பாய்ந்துவிடும். நெல்லும் மணிலாவும் போடும் நம் பகுதியில் வயல் நடுவே உள்ள போர்த் தண்ணீரைச் சோதிக்காமல் குடிக்கக் கூடாது.

இந்தச் சோதனைகளுக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டிப் பொதுமக்களும் தண்ணீர் கொடுக்கலாம். கிருமிச் சோதனைக்கு என்றால் அவர்கள் கொடுக்கும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். அதைக் கழுவக் கூடாது. குழாயைத் துடைத்து, 2 நிமிடம் தண்ணீரை ஓட விட்டு, பாட்டில் வாயில் கை படாமல் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து, அன்றைக்கே கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும்.

கூட்டமைப்பு என்ன செய்யலாம்?

1. ஒவ்வொரு குழுவும் தன் தெருவுக்கு ஒரு தண்ணீர்ப் பொறுப்பாளரை வைக்கட்டும். ஊக்குநர், பிரதிநிதிகளுக்கே எல்லா வேலையும் கொடுக்க வேண்டாம். புதுசாக ஒருவர் வரட்டும்.

2. வாரம் ஒரு நாள் 3 இடத்தில் குளோரின் பாருங்கள்: தொட்டிக்குப் பக்கத்துக் குழாய், நடுத் தெரு, கடைசி வீடு. தண்ணீர் வந்து 5 நிமிடம் கழித்துப் பிடியுங்கள்.

3. 40 பக்க நோட்டு ஒன்று போடுங்கள். தேதி, நேரம், இடம், அளவு, பார்த்தவர் கையெழுத்து. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பார்க்காத வாரத்துக்கு 'பார்க்கவில்லை' என்றே எழுதுங்கள். வாக்கர்ட்டனை மறக்காதீர்கள்.

4. கடைசிக் குழாயில் நிறம் வரவில்லை என்றால் அன்றைக்கே ஆபரேட்டரிடமும் ஊராட்சி செயலரிடமும் சொல்லுங்கள். இரண்டு முறை தொடர்ந்து வரவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள். கிராமம் என்றால் சேத்துப்பட்டு வட்டார வளர்ச்சி அலுவலர். டவுன் என்றால் பேரூராட்சி செயல் அலுவலர். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். பதில் இல்லை என்றால் முதல்வரின் உதவி எண் 1100, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க் கூட்டம்.

5. கடைசியாக எப்போது தண்ணீர்ச் சோதனை நடந்தது, முடிவு என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் (2005) 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அமெரிக்காவில் தண்ணீர் சோதனை முடிவை வருடா வருடம் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்பதே சட்டம். நாம் கேட்டாவது வாங்குவோம்.

6. கிராம சபையில் பேசுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தவிர, மார்ச் 22 உலக தண்ணீர் தினத்துக்கும் நவம்பர் 1-க்கும் தமிழ்நாட்டில் கிராம சபை உண்டு.

தீர்மானம் எழுதத் தெரியவில்லை என்று யாரும் தயங்க வேண்டாம். இப்படி எழுதலாம்:

"எங்கள் கிராமத்துக் குடிநீர்த் தொட்டியை மாதம் இருமுறை கழுவித் தேதி எழுதவும், கடைசித் தெருக் குழாயில் 0.2 மில்லிகிராம் குளோரின் இருப்பதை உறுதி செய்யவும், சாக்கடைக்குள் செல்லும் பைப்பை மாற்றி அமைக்கவும், தண்ணீர்ச் சோதனை முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டவும் இந்தக் கிராம சபை தீர்மானிக்கிறது."

பதிவேட்டில் எழுதிய பிறகு வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

நல்ல தண்ணீரும் வீட்டுக்கு வந்த பிறகு கெடலாம். முதலில் வரும் இரண்டு குடத் தண்ணீரைக் கழுவுவதற்கு வைத்துக்கொண்டு, பிறகு வருவதைக் குடிக்கப் பிடியுங்கள். குடத்தைத் தினமும் உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். மூடி வையுங்கள். கை விட்டு மொள்ளாமல், நீளக் கைப்பிடி உள்ள கரண்டியால் எடுங்கள். மழைக்காலத்திலும் ஊரில் பேதி இருக்கும்போதும் கொதிக்க வைத்துக் குடியுங்கள். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் இருந்தால் போதும்.

பேதி வந்தால் உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். சுகாதார நிலையத்தில் பாக்கெட் இலவசம். கிடைக்கும் வரை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் உள்வாங்கினால், சிறுநீர் போகாவிட்டால், ரத்தம் கலந்து போனால் நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரி. ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் பேதி என்றால் கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லிவிடுங்கள். அதை மறைப்பதில் கௌரவம் எதுவும் இல்லை.

அந்த ஊரில் பிறகு என்ன நடந்தது?

குழுக்கள் சேர்ந்து பைப் போகும் வழியெல்லாம் நடந்து பார்த்தோம். கடைசித் தெரு திருப்பத்தில் இணைப்பு ஒன்று சாக்கடைக்குள் கழன்று கிடந்தது. மனு கொடுத்து, மூன்று முறை நடந்து, மாற்றினார்கள். ஆபரேட்டருக்குத் தராசு ஒன்று கூட்டமைப்பு வாங்கிக் கொடுத்தது. குழிக் குழாய்கள் சில இன்னும் மூடவில்லை. அது நடக்கும் வரை வாரா வாரம் நோட்டு போகும்.

நோட்டில் கையெழுத்துப் போடுவது யார் தெரியுமா? பாவு பாதியில் நிற்க ஆஸ்பத்திரியில் கிடந்த அதே அக்காதான். "பட்டுக்குச் சாயம் ஏத்தும்போது தண்ணி சரியில்லன்னா நிறம் நிக்காதுன்னு எங்க வீட்டுல பார்த்துப் பார்த்துதான் தண்ணி எடுப்பாங்க மேடம். பட்டுக்குப் பார்த்தோம், பிள்ளைக்குப் பார்க்கல" என்றார். அவர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

நம் ஊர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்?
பரிசோதனைப் பெட்டி யாரிடம் இருக்கிறது? பயிற்சி பெற்ற 5 பேர் யார்?
நம் ஊரில் கடைசிக் குழாய் எந்த வீட்டில் இருக்கிறது? அந்த வீட்டுக்கு யார் போய்ப் பார்ப்பது?

பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

சேமிப்பை எண்ணிப் பார்ப்போம்! தண்ணீரைச் சோதித்துக் குடிப்போம்!